பிரிட்ஜுக்குள் ஐந்து கோடி உயிர்

தீமிதிக்குக் காப்புக் கட்டிய மறுநாளே பரஞ்சோதியின் சோளக்கொல்லையில் படைப்புழு இறங்கிவிட்டது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இந்த மனிதருக்கு எல்லாம் இப்படித்தான் வாய்க்கும். கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை எறும்பைக்கூட நசுக்கக் கூடாது. புழுக்களோ அது தெரிந்ததுபோல, குருத்துக்குள் உட்கார்ந்து அவர் கண்ணெதிரே நிதானமாகத் தின்றன.

சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலை வாசலில் பார்த்த ஜாகா என்ற காவல் வேலையை உதறிவிட்டு, சிடாம் கிரியில் நிலம் பிடித்துப் போட்ட முதல் சோளம் இது. இது போனால் மறுபடி அந்த வாசலைக் காக்கப் போக வேண்டியதுதான். அங்கே சூப்பர்வைசராக இருக்கும் மைத்துனர் ஜெயகுமார், இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று அடிக்கடி போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆள் வச்சு ராச்சுன் அடிச்சா என்ன?" என்று மனைவி பிரேமாவதியிடம் கேட்டுப் பார்த்தார்.

"விஷத்த யாரு அடிச்சா என்ன? ஏவுனவருக்குத்தான் பாவம் லா."

டவுனில் விவசாய மருந்துக் கடை வைத்திருக்கும் சின்னையா ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "இது ராச்சுன் இல்லண்ணே, நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. அஞ்சு கோடி இருக்கு. பிரிட்ஜுல வச்சிருந்து, பொழுது சாயுறப்ப தண்ணில கலக்கி குருத்துல ஊத்துங்க. அதுங்களே படைப்புழு ஒடம்புல பூந்து முடிச்சிரும்."

"அப்ப கொல்றது நான் இல்ல?"

"நீங்க தண்ணி ஊத்துறீங்க, அவ்வளவுதான் லா."

பரஞ்சோதி பூரிப்போடு வீட்டுக்கு வந்தார். பிரேமாவதி பிரிட்ஜைத் திறந்தாள்.

"உயிரோடயா இருக்கு?"

"உயிரோட இருந்தாத்தான் வேலை செய்யும்."

"ஊத்துனா அந்தப் புழு சாவும். ஊத்தலன்னா?"

அவர் பாக்கெட்டைத் திருப்பினார். காலாவதித் தேதி திருவிழாவுக்கு முன்பே வந்தது. "இதுங்க சாவும்" என்றார் ஈனசுரத்தில்.

"நல்லாருக்கு! கொல்லைப் புழுவுக்குப் பயந்து அஞ்சு கோடி உயிர வீட்டுக்குக் கூட்டியாந்திருக்கீங்க."

அதன்பிறகு அவர் பாடு பரிதாபம். கரண்டு போனால் முதலில் பிரிட்ஜுக்குத்தான் ஓடினார். கதவை அதிக நேரம் திறந்துவைத்தால் எரிந்துவிழுந்தார். இட்லி மாவுச் சட்டி பாக்கெட்டை நெருக்குகிறது என்று நகர்த்தி வைத்தார். கொல்லையில் சோள இலைகள் சல்லடையாகிக்கொண்டிருந்தன.

கடைசியில் கோயில் பூசாரி அப்பளசாமியிடம் போய் நின்றார். "கோடின்னா சொன்ன?" என்று மலைத்த பூசாரி, "அம்மாகிட்டயே கேளுப்பா" என்று நழுவிக்கொண்டார்.

திரும்பி வந்து பார்த்தால் பிரிட்ஜில் பாக்கெட் இல்லை. பதறிப்போய்க் கொல்லைக்கு ஓடினார். மங்கும் வெளிச்சத்தில் பிரேமாவதி நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குருத்து குருத்தாக ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் "மன்னிச்சிரு, மன்னிச்சிரு" என்று முணுமுணுப்பு வேறு.

"நான் ஊத்தச் சொல்லலியே!"

"சொல்லலதான். என் கையில காப்பு இல்ல, நானா ஊத்துறேன்."

"பாவம் உன்னச் சேருமே?"

"சேரட்டும். ஜாகா வேலைக்குப் போன வருசமெல்லாம் வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசிருக்கீங்களா? சோத்துத் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதுக்கு இந்தப் பாவம் எவ்வளவோ மேல்."

இவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதே அவருக்குத் தெரியாது.

"மரமாட்டம் நிக்காதீங்க. தண்ணி மொண்டு குடுங்க."

"மொள்ளுறது பாவமில்லயே?"

"மொள்ளுங்க!"

இரண்டு நாளில் புழுக்கள் குருத்துக்குள் துவண்டு கிடந்தன. அடுத்து விரிந்த இலைகளில் ஓட்டை இல்லை. பரஞ்சோதி வரிசை வரிசையாகப் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெயகுமாரின் போன் வந்தது. பிரேமாவதி அதைப் பிடுங்கினாள்.

"அவரு வரமாட்டாருண்ணே. எங்களுக்கே இங்க ஆள் பத்தல."