கணக்கு டீச்சரின் முழங்கால்

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டது, எங்களில் யாருக்கும் உறவில்லாத ஒருவரின் முழங்காலைப் பற்றி.

நான் வேலை பார்த்த பள்ளியின் கணக்கு டீச்சருக்கு வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆறு வாரம் ஓய்வில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் விடுப்பில் போனால் அவருடைய வகுப்புகள் என்னிடம் வரும். வந்தால் எனக்கு ஆசிரியர் உரிமம் கிடைக்கும். அவர் போகவில்லை என்றால் கிடைக்காது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் தேர்வில் நான் மூன்றாவது முயற்சியில் தேறினேன். தேறியவுடன் தருவது தற்காலிக உரிமம்தான். அது காலாவதியாவதற்குள், சொந்தப் பாடத்தை, அதாவது நான் கணக்கை, ஒரே வகுப்புக்கு ஆறு வாரம் தொடர்ந்து நடத்த வேண்டும். உரிம அலுவலகத்து அதிகாரி ஒரு நாள் வந்து பார்த்துச் சரி என்று எழுத வேண்டும். அப்போதுதான் நிரந்தரம். ஆனால் நிரந்தர உரிமம் இல்லாதவருக்கு எந்தப் பள்ளியும் சொந்தமாக ஒரு வகுப்பைத் தராது. வராத ஆசிரியர்களுக்குப் பதிலாகப் போய் நிற்கும் வேலையைத்தான் தரும்.

அந்த வேலைதான் எனக்கும். காலையில் தலைமையாசிரியை அறை வாசலில் நின்று, இன்று யார் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு அந்த வகுப்புக்குப் போவேன். ஓவியம், தையல், வரலாறு எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். ஒரு முறை விளையாட்டுப் பாடவேளைக்கும் போய், விசிலை ஊதத் தெரியாமல் ஊதி இருமிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் எனக்கு 'லீவு டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லோர் முகமும் மலரும். பாடம் கிடையாது என்ற மலர்ச்சி அது.

இப்படி நடத்திய நேரத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்துக்கொள்வார்களா என்று உரிம அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் அம்மாள் தலையை நிமிர்த்தாமலே, அங்கொன்றும் இங்கொன்றுமாக நடத்தியதெல்லாம் கணக்கில் வராது என்றார்.

நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். முன்னறையில் பகலில் சுருட்டிவைக்கும் பாயும் ஒரு பெட்டியும் என்னுடையவை. மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசை வேலைக்கு எனக்காகச் சொல்லிவைத்திருந்தார். உரிமம் காலாவதியானால் மறுநாளே அங்கே போய் உட்கார வேண்டும் என்பது பேச்சு. மறுபடி தேர்வு என்ற சொல்லை அந்த வீட்டில் எடுக்கும் துணிவு எனக்கு இல்லை. மூன்று தடவையும் நான் இரவில் படிக்க விளக்கு எரியவிட்டவர்கள் அவர்கள்தான்.

மாமா தினமும் மாலையில் செய்தி வாசிப்பவர் குரலில் கேட்பார்: "இன்னைக்கு முழங்கால் நிலவரம் என்ன?"

வீக்கம் அதிகம் என்றால் அவர் முகம் தெளியும். குறைந்திருக்கிறது என்றால் சோர்ந்துபோவார். அக்காதான் ஒரு நாள், "அடுத்தவங்க காலு எப்போ விழும்னு காத்துக்கிட்டு இருக்கோமே, நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கணக்கு டீச்சர் இரண்டு தடவை தேதி வாங்கி, இரண்டு தடவையும் தள்ளிப்போட்டார். நான் தினமும் ஆசிரியர் அறையில் அவர் பக்கத்தில் போய், "கால் எப்படி இருக்கு டீச்சர்?" என்று விசாரிப்பேன். உண்மையான அக்கறையும் அதில் இருந்தது. எவ்வளவு இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் "இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு விடைத்தாள்களை இழுத்து முன்னால் வைத்துக்கொள்வார்.

அவருடைய வகுப்பறைகள் இரண்டாவது மாடியில். ஒரு நாள் காலை நான் அவருக்குப் பின்னால் படியேறிக்கொண்டிருந்தேன். நடுவில் திரும்பும் இடத்தில் அவர் நின்று சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ நடக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் இருந்தது. அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த கையில் விரல்கள் வெளுத்திருந்தன. மணி அடித்துவிட்டதால், அவரைத் தாண்டி நான் மேலே போய்விட்டேன்.

அன்று மாலை ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை அதைத்தான் எடுத்தார். கணக்கு டீச்சர் ஒவ்வொரு வகுப்புக்கும் தாமதமாகப் போகிறார் என்று புகார் வந்திருக்கிறது, கீழ்த்தளத்தில் ஒரு அறை கிடைத்தால் வகுப்புகளை அங்கே மாற்றிவிடலாம், யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவரவர் அறை அவரவருக்குத் தெரியும். பள்ளியின் எல்லா அறைகளிலும் நின்றவள் நான் ஒருத்திதான். சைக்கிள் கொட்டகையை ஒட்டி, உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. ஒரு மழை நாளில் விளையாட்டு வகுப்பை அங்கேதான் உட்காரவைத்தேன். நல்ல அறை. கரும்பலகைகூட இருந்தது.

அறை கிடைத்தால் அவர் விடுப்பில் போக மாட்டார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு உரிமம் தேவைப்படவில்லை. மேசையில் யாரோ விட்டுப்போன தேநீர்க் கறை வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் சும்மா இருந்தார்கள். அந்தச் சும்மா இருப்பதை நான் மட்டும் வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் அலுத்துவிட்டது. சொல்லிவிட்டேன்.

"நல்லதாப் போச்சு. அப்ப நீயே சுத்தம் பண்ணிக் குடுத்துடு" என்றார் தலைமையாசிரியை.

சனிக்கிழமை நானும் பியூன் அண்ணனும் அந்த அறையில் இறங்கினோம். அவர் பெஞ்சுகளுக்கு ஆணி அடித்தார். நான் பெருக்கித் துடைத்தேன். என் வாய்ப்பை நானே ஒட்டடைக் கொம்பால் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியபோது சிரிப்பு வரவில்லை, தும்மல்தான் வந்தது. பதினொரு மணி வாக்கில் கணக்கு டீச்சர் வந்தார். ஆணி அடித்து முடித்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இந்த ரூமப் பத்தி நீதான் சொன்னியாமே?"

"ஆமா டீச்சர்."

"எதுக்கு சொன்ன?"

படியில் அவர் நின்றதைப் பார்த்தேன் என்றேன்.

அவர் கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னார்: "பஸ்ல நம்ம சீட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, நீங்க எங்க எறங்கணும்னு கேப்பாங்களே, அந்த மாதிரிதான் இருக்கும் எனக்கு, தினமும் நீ காலப் பத்தி விசாரிக்கிறப்போ. ரெண்டு தடவயும் உன்னாலதான் தேதியத் தள்ளிப்போட்டேன்."

கையிலிருந்த துடைதுணியைக் கீழே வைத்தேன்.

"லைப்ரரி சார் முன்னாடி சயின்ஸ் எடுத்தவரு, தெரியுமா? கண்ணு ஆப்பரேஷனுக்கு லீவுல போனாரு. வந்து பாத்தா கிளாஸ்ல வேற ஆளு. உன்ன மாதிரிதான், பதவிசா, தினமும் கண்ணப் பத்தி விசாரிச்ச பொண்ணு. அன்னையிலேர்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கிட்டு இருக்காரு. எனக்கு இன்னும் கொஞ்ச வருஷம் சர்வீஸ் இருக்கும்மா."

"எனக்கு உங்க எடம் வேணாம் டீச்சர். ஆறு வாரந்தான் வேணும்." உரிமக் கதை முழுவதையும் சொன்னேன். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். உதவி கேட்கிறவள் என்று ஆகிவிடக் கூடாது என்று, நலம் விசாரிக்கிறவளாகவே இருந்துவிட்டேன்.

"எல்லாரும் ஆறு வாரம்னுதான் ஆரம்பிக்கிறாங்க" என்றார்.

பியூன் அண்ணன் சுத்தியலோடு எங்கள் முன்னால் வந்து நின்றார். "பேச்செல்லாம் இருக்கட்டும். பெஞ்சு ஆடுதா இல்லையான்னு சொல்லுங்க, அடுத்ததுக்குப் போறேன்."

இருவரும் ஒன்றாக அசைந்து பார்த்தோம். ஆடவில்லை என்றோம்.

அவர் அந்தப் பக்கம் போனதும் கணக்கு டீச்சர் சொன்னார்: "எட்டாம் வகுப்ப எடுத்துக்கோ. ஆனா நான் லீவு போட மாட்டேன். உள்ளயே உக்காந்திருப்பேன். ஆப்பரேஷன முழு ஆண்டு லீவுல பாத்துக்கிறேன். அதுவரைக்கும் அந்த ஒரு பீரியடாவது காலு நிக்காம இருக்கும்."

திங்கட்கிழமை உரிம அலுவலகத்துக்குப் போய், இது செல்லுமா என்று கேட்டேன். எழுத்தர் அம்மாள் விதிகளைப் புரட்டிப் பார்த்து, வகுப்பை யார் நடத்துகிறார்கள் என்றுதான் கேட்டிருக்கிறது, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை என்றார். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பள்ளியில் தலைமையாசிரியையும் ஒத்துக்கொண்டார். கூடுதல் சம்பளம் கிடையாது, மற்ற வகுப்புகளுக்குப் பதிலாக நிற்கும் வேலையும் குறையாது என்று இரண்டு தடவை சொன்னார். மாமா மட்டும் மருத்துவமனை நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு வாரம் ஓடட்டும் என்றார்.

முதல் வாரம் வகுப்பு நடந்தது என்று சொல்ல முடியாது. கணக்கு டீச்சர் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரை ஒட்டி நாற்காலி போட்டு, காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தார். நான் ஒரு வரி எழுதினால் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் திரும்புவார்கள். அவர் தலையசைத்தால்தான் எழுதிக்கொள்வார்கள். ஒரு நாள் அவர் தலையசைக்கவில்லை. பலகையைப் பார்த்தேன். நடுவில் ஒரு படியை விட்டிருந்தேன். அழித்து எழுதினேன். திரும்பினார்கள், தலையசைத்தார், எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகும்போது, இதற்கு ஓவிய வகுப்பே மேல் என்று தோன்றும்.

இரண்டாம் வாரத்தில் ஒரு மதியம். அதற்கு முன்னால் வேறு மூன்று வகுப்புகளில் நின்றுவிட்டு வந்ததில் என் தொண்டை கட்டியிருந்தது. பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு, வழக்கம்போல் காத்திருந்தேன். பிள்ளைகள் திரும்பினார்கள். திரும்பிய தலைகள் அப்படியே நின்றன.

கணக்கு டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. மூக்குக்கண்ணாடி மடியில் கிடந்தது.

ஒரு பையன் எழுந்து, "டீச்சர் தூங்குறாங்க" என்று மெல்லச் சொன்னான்.

"தெரியும். உக்காந்து எழுது."

குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டேன். அதற்கு மேல் தாழ்த்தினால் எனக்கே கேட்காது. பின் வரிசைப் பிள்ளைகள் கேட்பதற்காகப் பெஞ்சில் முன்னால் சாய்ந்தார்கள். நடு வரிசைக்காரர்களும் சாய்ந்தார்கள். சுண்ணக்கட்டி கீச்சிடாமல் இருக்க அதைச் சாய்த்துப் பிடித்து அடுத்த வரியை எழுதினேன். இரண்டு பக்கமும் ஏன் ஒரே எண்ணால் வகுக்கிறோம் என்று, ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோல் சொன்னேன்.

நாற்பது பேனாக்கள் தாளில் நகர்ந்தன. யாரும் பின்னால் திரும்பவில்லை.