வௌவாலில் ஒரு ளகரம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கொம்பு டீச்சர் என்று பெயர். மாடிப்படிக்குக் கீழே, முன்பு உடைந்த நாற்காலிகளை அடைத்து வைத்திருந்த அறையில் ஓர் அரைவட்ட மேசை போட்டு, ஒன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளை நான்கு நான்கு பேராக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. நாள் முழுக்கக் கொம்பும் காலும்தான் பேச்சு. ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு நின்றால் கெ. பின்னால் ஒரு காலும் சேர்ந்துகொண்டால் கொ.

"ரெண்டும் ஜோடி. தனித்தனியாப் படிக்கக் கூடாது. நடுவுல நிக்கிறவரை ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்கன்னு வச்சுக்குங்க" என்பார்.

தனி அறை கிடைத்த நாளிலிருந்து மற்ற ஆசிரியைகள், "அவங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜோடிகளிலேயே போக்கிரி ஔகாரம்தான். முன்னால் கொம்பு, பின்னால் ளகரம் மாதிரி ஒரு குறி. பார்த்தால் ளகரம், ஆனால் ளகரம் இல்லை. டீச்சர் சுவர் அட்டையில் அந்தக் குறியைப் பச்சை மையால் சின்னதாக எழுதியிருந்தார். "இது குட்டி. இதுக்குத் தனியாச் சத்தம் கிடையாது. பெரிசா, மத்த எழுத்தோட உயரத்துக்கு நின்னா அது நிஜ ள" என்று வருடம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்திலேயே கௌதாரி, வௌவால் என்று படம் போட்ட சொற்கள்.

மேசையின் நிரந்தரக் குடித்தனக்காரி சின்னவள். இரட்டைப் பிள்ளைகளில் ஏழு நிமிடம் பிந்திப் பிறந்தவள். வாசிக்கச் சொன்னால் ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை வைத்து, கேட்கிறவருக்குக் கொட்டாவி வரும் வேகத்தில் போவாள். பெரியவள் நேர்மாறு. புத்தகத்தைத் திறப்பதற்குள் படபடவென்று ஒப்பித்து முடித்துவிடுவாள். மூன்றாம் மாதமே, "நீ தேறிட்ட, உன் வகுப்புக்கே போ" என்று டீச்சர் அவளை மேசையிலிருந்து அனுப்பிவிட்டார். அனுப்பியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வருடக் கடைசியில் வாசிப்புத் தேர்வு வந்தது. சுவர் அட்டையில் உள்ள சொற்களில் பத்து, படம் இல்லாமல். எட்டைச் சரியாக வாசித்தால் இரண்டாம் வகுப்பு. குறைந்தால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். காலையில் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட அவர்கள் அம்மா, தையல் கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வாசலில் நின்றார்.

"ரெண்டும் ஒரே வகுப்புல இருக்கணும் டீச்சர். ஒண்ணை விட்டு ஒண்ணு இருக்காது. பார்த்துக்குங்க."

பார்த்துக்கொள்ள டீச்சர் கையில் என்ன இருக்கிறது? தேர்வாளர் வெளியிலிருந்து வந்தவர். சிரிப்பதற்கும் அனுமதி கேட்கிறவர் மாதிரி முகம். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். மத்தியானம் பட்டியல் வந்தது. பெரியவள் எட்டு. சின்னவள் ஏழு.

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சின்னவளைக் கூப்பிட்டு, தேர்வாளர் தப்புகளைக் குறித்திருந்த தேர்வுத் தாளை மேசை மேல் போட்டார்.

"வௌவாலைப் போய் வெ, ள, வால்னு படிச்சிருக்க! குட்டி ள, பெரிய ளன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

சின்னவள் விரலைத் தாளில் வைத்தாள். அவசரப்படவில்லை.

"இது பெரிய ள டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நிஜ ளகரம்தான். வகரத்துக்குச் சமமான உயரத்தில், கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. தாளைத் தட்டச்சு செய்தது வேறு யாருமில்லை, அவரேதான். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தார். வகுப்பில் இருபத்தாறு பேர். இருபத்தைந்து பேர் அதை வௌவால் என்றே வாசித்திருந்தார்கள். எழுதியிருந்ததை வாசித்தவள் இவள் ஒருத்திதான்.

பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வந்ததற்கே டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

"தப்பு என்னோடது மேடம். அவ சரியாத்தான் படிச்சிருக்கா."

தலைமையாசிரியை தாளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "வருஷம் பூரா மத்தவங்களுக்குக் கொம்பு, கால்னு சொல்லிக்கொடுத்துட்டு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். முழுதாகத் திட்டியிருந்தால் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றியது.

அங்கே உட்கார்ந்திருந்த தேர்வாளர் மட்டும் அசையவில்லை. "அச்சே தப்புன்னா அந்தச் சொல் யாருக்குமே கணக்குல வராது. அதை எடுத்துட்டா யாருக்கெல்லாம் முடிவு மாறுமோ, அவங்க இன்னொரு சொல் படிக்கட்டும். நானே கையால எழுதுறேன்."

தேடிப் பார்த்தால் அப்படி இரண்டே பேர். மற்றவர்கள் ஒன்று போனாலும் பிழைத்துக்கொண்டார்கள், அல்லது ஏற்கெனவே வெகு தூரத்தில் இருந்தார்கள். பெரியவளுக்கு ஏழு. சின்னவளுக்கும் ஏழு. ஒருத்தியைக் கரையேற்றப் போய் இன்னொருத்தியையும் தண்ணீரில் இறக்கிவிட்டோமே என்று டீச்சர் பதறினார். ஆனாலும் பெரியவள்தானே, ஊதித் தள்ளிவிடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

தேர்வாளர் ஒரு வெள்ளைத் தாளில், சுவர் அட்டையில் இல்லாத சொல்லாக, கௌளி என்று எழுதினார். குறி சின்னதாக, ளகரம் பெரிதாக, பிசகில்லாமல்.

பெரியவள் முதலில் வந்தாள். தாளைப் பார்த்த கையோடு, "கௌதாரி!" என்றாள்.

"நல்லாப் பாரும்மா."

பார்த்தாள். பிறகு கண் தாளை விட்டு, சுவர்ப் பக்கம் போயிற்று. தலைமையாசிரியையின் அறைச் சுவரில் அட்டை இல்லை. "கௌதாரிதான் சார்" என்றாள், குரல் இறங்கி.

சின்னவள் வந்தாள். விரலை வைத்தாள்.

"கௌ... ளி. கௌளி. அப்படின்னா என்ன சார்?"

"பல்லி" என்றார் தேர்வாளர். அன்று முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது.

டீச்சர் வெளியே வந்தபோது பெரியவள் தாழ்வாரத் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். அழவில்லை. டீச்சர் அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார்.

"இத்தனை நாளும் முதல் எழுத்தைப் பார்த்து, அட்டையில இருக்கிற படத்தை நினைச்சுத்தான் சொல்லிட்டிருந்தியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"பாடமெல்லாம்?"

"சாயங்காலம் அவ படிச்சுக் காட்டுவா. நான் கேட்டு வச்சுக்குவேன்."

மூன்றாம் மாதம் இவளை மேசையை விட்டு அனுப்பியது யார் என்று டீச்சருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியவள் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"இனிமே அவ பாடம் வேற, என் பாடம் வேற. எனக்கு யாரு டீச்சர் படிச்சுக் காட்டுவா?"