கரண்டி படாத நூடுல்ஸ்

சான் ஹோசேயில் சனிக்கிழமைதோறும் ஒரு பார்க்கிங் லாட்டில் சாப்பாட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே லிம் ஆன்ட்டி கடைக்கு மட்டும்தான் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். பினாங்கிலிருந்து வந்த சீனத்து அம்மா. விற்பது ஒன்றே ஒன்று: தட்டையான அரிசி நூடுல்ஸ், பெரிய இரும்புச் சட்டியில், ஆளுயரத் தீயில் வறுத்தது. அதில் ஒரு புகை வாசனை இருக்கும் பாருங்கள், அதற்காக நான் வீட்டிலிருந்து நடந்தேகூட வருவேன். கடை முகப்பில் ஒரு பலகை தொங்கும்: ‘எதையும் மாற்றித் தர மாட்டேன்.’ எண்ணெய் கம்மி, காரம் தூக்கல், பூண்டு வேண்டாம் என்று கேட்டுக் கேட்டு நம் ஆட்கள் எழுதவைத்த பலகை அது என்பது என் கணிப்பு.

ஒன்பது வருடமாக நான் அங்கே வாடிக்கை. ஒன்பது வருடமாக என் மனைவி சண்முகப்ரியா பெஞ்சில் எனக்கு எதிரே உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிடுகிறாள். பிறந்ததிலிருந்து சைவம். அந்தக் கடைச் சட்டியிலோ பன்றிக்கொழுப்பும் இறாலும் ஊறிக் கிடக்கின்றன. அந்தப் புகை வாசனையை நான் அவளுக்கு எத்தனையோ விதமாக விவரித்துவிட்டேன். “செரி, நல்லாத்தான் இருக்கும்,” என்பாள், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே. ஒரே ஒரு தடவை, ஒரே தட்டில், இரண்டு பேரும் அதைச் சாப்பிட வேண்டும். கிரீன் கார்டுகூட வருகிறபோது வரட்டும், இதற்குத்தான் நான் ஏங்கினேன்.

ஒரு சனிக்கிழமை வெட்கத்தை விட்டு, அவளுக்குச் சைவமாக ஒரு தட்டு வறுத்துத் தர முடியுமா என்று லிம் ஆன்ட்டியிடம் கேட்டேவிட்டேன். அவர் பலகையைக் காட்டினார். நான் நகரவில்லை.

“என் சட்டியில ஆகாது, அண்ணே,” என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அந்த ‘அண்ணே’தான், மற்றதெல்லாம் ஆங்கிலம். “உன் வீட்டுச் சட்டியக் கொண்டு வா. கடை திறக்கும்போதே வந்துடு.”

எங்கள் வீட்டில் அப்படி ஒரு சட்டி இருக்கிறது. ப்ரியா தன் ஊரான கோபியிலிருந்து கைப்பையில் சுமந்து வந்த இரும்பு வடச்சட்டி. எங்கள் பக்கம் வாணலியை அப்படித்தான் சொல்வோம். சோப்பே காட்டமாட்டாள். கழுவித் துடைத்து எண்ணெய் தடவித் தடவி, உள்ளே முகம் தெரிகிற கறுப்பாக வைத்திருக்கிறாள். கல்யாணமான புதிதில், உதவி செய்வதாக நினைத்து அதை டிஷ்வாஷரில் போட்டேன். மூன்று நாள் என்னோடு பேச்சு இல்லை.

அதைத்தான் திருடினேன். ரிட்டர்ன் பண்ண வேண்டிய சாமான் என்று சொல்லி, பையில் சுற்றிக் கார் டிக்கியில் வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் நான்தான் முதல் ஆள். ப்ரியா வழக்கமான பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லிம் ஆன்ட்டி சட்டியை வாங்கித் திருப்பினார், தட்டினார், உட்புறம் கட்டைவிரலால் தடவினார்.

“யார் பழக்கின சட்டி இது?”

“என் ஒய்ஃப்.”

ஒரு பெரிய மனுஷியைப் பற்றிக் கேள்விப்பட்டதுபோலத் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புது சோயா சாஸ் பாட்டில், தனியாக வெட்டிய டோஃபு, முளைகட்டிய பயறு எல்லாம் தயாராக இருந்தன. சட்டி சூடேறி எண்ணெய் புகைய ஆரம்பித்தது. பூண்டும் டோஃபுவும் விழுந்தன. பிறகு அவர் கை, பழக்கத்தில், தன் நீளக் கரண்டியை எடுத்தது.

“ஸ்டாப்!” என்று கத்தினேன். சந்தையே திரும்பியது.

சட்டியைக் கொண்டுவந்த புத்திசாலி கரண்டியைக் கொண்டுவரவில்லை. காலையிலிருந்து அந்தக் கரண்டி இறாலில் புரண்டிருக்காது, சரி. ஒன்பது வருடம் புரண்டிருக்கிறதே!

என் குரல் கேட்டு ப்ரியா நிமிர்ந்தாள். தீயின்மேல் இருப்பது எது என்று பார்த்தாள். தயிர்சாத டப்பாவோடு ஓடிவந்தாள்.

“ஏனுங்க, அது என்ற வடச்சட்டிதானே?”

“ப்ரியா, கோவிச்சுக்காத. உனக்காகத்தான்...”

“அந்தக் கரண்டி அதுல பட்டுச்சா?”

“இன்னும் இல்ல.”

லிம் ஆன்ட்டி எங்கள் இருவரையும் பார்த்தார். பூண்டு சிவந்துகொண்டிருந்தது, இன்னும் சில நொடியில் கருகிவிடும். அவர் கரண்டியை மறுபடி ஆணியில் மாட்டினார். மடித்த துணியால் சட்டியின் ஒரு காதைப் பிடித்தார். மறுகையால் நூடுல்ஸையும் பயறையும் கொட்டி, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார்.

எல்லாம் மேலே எழும்பின. தீ சட்டிக்குள் எட்டிப் பாய்ந்தது. எல்லாம் தீக்குள் புரண்டு, ஒரு பயறுகூடச் சிந்தாமல் திரும்பி வந்தன. மறுபடி, மறுபடி. சோயா சாஸை விளிம்பைச் சுற்றி ஊற்றினார், சொய்யென்று புகை எழுந்தது. ஒன்பது வருடமாக அந்தக் கையைப் பார்க்கிறேன், கரண்டி இல்லாமல் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பக்கத்தில் ப்ரியா கோபத்தை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

சட்டியைச் சாய்த்து நேராகப் புதுத் தட்டில் கொட்டினார். என்னிடம் அல்ல, ப்ரியாவிடம் நீட்டினார்.

“நல்ல சட்டி. சோப்பு போட்டுடாதே.”

“போடவே மாட்டேன்,” என்றாள் ப்ரியா. இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். லிம் ஆன்ட்டி சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பெஞ்சில் தட்டை நடுவில் வைத்தோம். ப்ரியா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இரண்டாவது வாய். மூன்றாவது. நான் ஃபோர்க்கைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எப்படி இருக்கு?”

“ஒம்பது வருசமா என்ற எதுர்ல உக்காந்து இதையாங்க தின்னீங்க?”

“ஆமா.”

“ஒரு நாளாச்சும் சட்டியக் கொண்டாரத் தோணலையா?”

கேட்ட ஒரே வாரத்தில் நடந்த காரியம் இது. நான் வாசனையை விவரித்துக்கொண்டே ஒன்பது வருடத்தை ஓட்டியிருக்கிறேன்.

ப்ரியா தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“தின்னுங்க. ஆறிப்போனா நல்லா இருக்காது.”

தின்றோம். தயிர்சாத டப்பா அன்று திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது.