பச்சை நூலில் காய்த்த கத்தரிக்காய்

கிருஷ்ணம்மாவின் தோட்டம் ஆறு வருஷம் உயிரோடு இருந்ததற்கு ஒரே காரணம் நாற்றம். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கிற கீழ் லயத்துக் கக்கூசுகளின் கழிவுக் கான் போய் விழுகிற பள்ளத்தை ஒட்டி, பாறைக்கும் கானுக்கும் நடுவே அவள் மண் சுமந்து போட்டு உண்டாக்கிய துண்டு நிலம் அது. மற்ற இடங்களில் யார் அவரை போட்டாலும் பாகல் போட்டாலும், தளிர் விட்ட மறுநாளே வாச்சர் இருளாண்டி வந்து பிடுங்கி எறிந்துவிட்டுப் போவான். அவன்மேல் குற்றம் இல்லை. எல்லாம் பெரிய கிளாக்கர் நல்லையாவின் உத்தரவு. காய்கறி போட்டால் பெருச்சாளி வரும், பெருச்சாளி வந்தால் தேயிலை வேரைக் கடிக்கும், வேர் போனால் கொம்பனியே போய்விடும் என்பது அவருடைய சித்தாந்தம். கிருஷ்ணம்மாவின் பள்ளத்துக்கு மட்டும் அவர் வந்து பார்த்ததில்லை. அவருக்கும் மூக்கு இருந்தது.

அது எழுபத்து நாலாம் வருஷம். அரிசி கண்ணில் படவில்லை. கோதுமை மாவை அளந்து அளந்து கொடுத்தார்கள். செத்தல் மிளகாய் விற்ற விலைக்கு அதைச் சமைப்பதைவிடக் காதில் தோடாகப் போட்டுக்கொள்ளலாம். போன ஐப்பசி மழையில் கீழ் லயத்திலிருந்து மூன்று பாடை போயிற்று. அதில் ஒன்று கிருஷ்ணம்மாவின் மாமியாருடையது. நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எழுதினார்கள். பட்டினி என்று எழுத அந்தப் புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருக்கவில்லை.

இந்த மழைக்கு யாரையும் கொடுப்பதில்லை என்று கிருஷ்ணம்மா முடிவு கட்டியிருந்தாள். அதற்கு அவளிடம் இருந்தது ஆவணி வெயில் ஒன்றுதான். செடி நிறையக் காய்க்கும் காலமும் அதுவே. வெயில் இருக்கும்போதே அறுத்து, உப்புப் போட்டு, வத்தலாக்கி டின்னில் அடைத்துவிட்டால் மழை மாதங்களை எப்படியாவது தள்ளிவிடலாம். ஐப்பசியிலிருந்து லயத்துக்குக் கூடுதலாக மா வரும் என்று யூனியன்காரர் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரொட்டியும் வத்தல் குழம்பும் கிடைத்தால் அந்த வருஷத்துக்கு அது ராஜபோகம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லாத் தோட்டங்களும் உணவுப் பயிர் செய்ய வேண்டும், மாத்தளையிலிருந்து ஆபீசர் வந்து பார்ப்பார். நல்லையா தோட்டம் முழுவதும் ஆள் விட்டுத் தேடினார். ஆறு வருஷமாகத் தான் பிடுங்கிய பாத்திகளில் ஒன்றாவது தப்பியிருக்காதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினார். கடைசியில் வாசனைத் தைலம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு கிருஷ்ணம்மாவின் பள்ளத்தில் வந்து நின்றார்.

“கிருஷ்ணம்மா, உது உன்ர தோட்டமோ?”

பிடுங்கத்தான் வந்திருக்கிறார் என்று அவள் செடிகளை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். “ஆமாங்கய்யா. கல்லும் முள்ளுமா கெடந்த எடந்தானுங்க. தேயிலைக்கு ஒன்னும் ஆகாதுங்க.”

“இனி இது நிர்வாகத்தின்ர மாதிரித் தோட்டம். ஆபீசர் வந்து பார்க்குமட்டும் ஒரு காயிலயும் கை வைக்கக் கூடாது. விளங்கினதோ?”

“எப்பங்கய்யா வர்றாங்க?”

“வாற வெள்ளி.”

அன்று மாலையே வேலி வந்தது. ‘மாதிரிக் காய்கறித் தோட்டம்’ என்று மூன்று பாஷையிலும் பலகை வந்தது. இருளாண்டி காவலுக்கு வந்தான். ஒவ்வொரு நாளும் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில், எத்தனை ஆள் வேலைக்கு என்று கங்காணிமார் சொல்லி முடித்த பிறகு, எத்தனை பாகற்காய் கொடியில் என்று இருளாண்டி சொல்ல வேண்டும். பாகற்காய்க்குப் பேர் போட்ட தோட்டம் இலங்கையிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். சம்பளம்தான் போடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வரவில்லை. அடுத்த புதன் என்றார்கள். புதனும் போயிற்று. பாகற்காய் பழுத்து வெடித்துச் சிவந்த விதையைக் காட்டத் தொடங்கியதும் கிருஷ்ணம்மா ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

“முத்துனத பறிக்காம வுட்டா செடி அதோட நின்னுருங்கய்யா. புதுசா காய்க்காதுங்க.”

“எனக்குத் தோட்டம் படிப்பிக்கிறியோ? நான் யாழ்ப்பாணத்தான். தோட்டம் எங்கட ரத்தத்தில இருக்குது.”

ரத்தத்தில் இருந்தது உண்மையாகவே இருக்கலாம். கைக்குத்தான் இறங்கி வரவில்லை. அவருடைய அப்பா கிளாக்கர், அப்பாவின் அப்பாவும் கிளாக்கர். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் விளைந்தது ஏட்டுச் சுரைக்காய் மட்டும்தான்.

கிருஷ்ணம்மா வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்தாள். புருஷன் முத்துவீரன் பதறிப் போனான். “ஏ புள்ள, ஆபீசர் வந்துட்டுப் போற வரைக்கும் சும்மா இரேன். பேர வெட்டிருவாங்க.”

“ஆபீசரு எப்ப வேணும்னாலும் வருவாரு. வெயிலு வருமா?”

மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டுச் சாப்பிட வருகிற அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பறித்தாள். இருளாண்டி நாற்றத்துக்குப் பயந்து, காற்று வராத பக்கமாகப் பலகைக்கு அந்தாண்டை உட்கார்ந்து காவல் காத்தான். ஒரு சிரட்டை மிளகாய் வத்தல் தருவதாகச் சொன்ன பிறகு முகத்தையும் அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டான். பாகற்காயை வட்ட வட்டமாக அரிந்து உப்பும் மஞ்சளும் பிசறினாள். கத்தரிக்காயை நாலாகக் கீறிப் புளித்தண்ணீரில் ஒரு கொதி விட்டாள். மிளகாயை ஊறப்போட மோருக்கு எங்கே போவது? தேசிக்காய்ப் புளியும் உப்பும்தான். எல்லாம் லயத்துத் தகரக் கூரை மேல் ஏறியது. மேல் லயத்தவர்கள் பார்த்தார்கள், கீழ் லயத்தவர்கள் ஏணி பிடித்தார்கள். ஆளுக்கு ஒரு பங்கு என்று பேசியிருந்ததால் ஒருவர் வாயும் திறக்கவில்லை. கூரையைப் பார்க்கிற பழக்கம் கிளாக்கருக்கு இல்லை. மழைக்கு அது ஒழுகுகிறது என்று பதினோரு வருஷமாக மனுக் கொடுத்தும் அவர் அண்ணாந்து பார்த்ததில்லை.

பெரட்டில் இருளாண்டி மட்டும் தினமும் உரக்கச் சொன்னான்: “அம்பத்திரண்டு பாகற்காங்க. எல்லாம் இருக்குங்க.”

புரட்டாசி பிறந்து பத்தாம் நாள், நாளைக்கு ஆபீசர் வருகிறார் என்று போன் வந்தது. கைக்குட்டையோடு ஓடி வந்த நல்லையா, வேலியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், நடுவில் நின்ற வெறும் இலையைப் பார்த்தார்.

“எங்க காய்?”

“கொரங்குங்கய்யா.”

“குரங்கு மிளகாயும் தின்னுமோ?”

“பசிச்சா என்னத்தத் தின்னாதுங்க?”

திட்ட அவருக்கு நேரம் இருக்கவில்லை. லொறியை மாத்தளைச் சந்தைக்கு விரட்டினார். கத்தரிக்காயும் பாகற்காயுமாக இரண்டு சாக்கு வந்து இறங்கியது. பங்களாவில் அவர் சம்சாரம் புஷ்பவதியின் தையல் பெட்டியிலிருந்து, காம்பின் நிறத்துக்குப் பொருந்துகிற பச்சை நூல்கண்டும் வந்தது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பார்கள். இங்கே கடைத்தெருவில் இருந்த கத்தரிக்காய் செடிக்கு வந்தது. பொழுது சாயும்வரை கிருஷ்ணம்மா கட்டினாள். அவசரத்தில் கிளாக்கரும் ஒரு கை கொடுத்தார். அவரைக் கொடியில் அவர் கட்டிய ஏழு பாகற்காயையும் அவள் சத்தம் போடாமல் அவிழ்த்துப் பாகல் கொடியில் கட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் சிங்களவர், கொஞ்சம் பருத்த மனிதர். தமிழ் தெரியாது. நல்லையா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினார். லயத்து ஜனமெல்லாம் வேலிக்கு வெளியே நின்றது. ஆபீசர் இருபது அடி தள்ளி நின்று, தானும் ஒரு கைக்குட்டையை எடுத்துப் பொத்திக்கொண்டார். காய் எல்லாம் யாருக்கு என்று கேட்டார். இத்தனையும் தொழிலாளிக்கே, நிர்வாகம் ஒன்றைக்கூடத் தொடாது என்று நல்லையா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அப்படியானால் பறிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார் ஆபீசர்.

நல்லையாவின் முகத்தில் ரத்தம் இல்லை. தோட்டம் இருந்த அதே ரத்தம்.

கிருஷ்ணம்மா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். இருபத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளிய விரல். காயை உள்ளங்கையில் மறைத்து, பெருவிரல் நகத்தால் நூலைக் கிள்ளி, ‘டக்’ என்று காம்பு ஒடிகிற சத்தத்தை நாக்கால் போட்டாள். ஒன்று, இரண்டு, பத்து. கூடை நிறைந்துகொண்டு வந்தது. இரண்டு சாக்குக் காயும் இப்போது சாட்சியோடு அவளுடையது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்தது. கிளாக்கர் மானத்தைக் காப்பாற்றப் போட்ட கூலி என்று வைத்துக்கொண்டால் மோசமில்லை.

ஆபீசர் கையிலிருந்த பைலைத் திறந்து பேனாவை எடுத்தார். திருப்தியாகத் தலையாட்டிச் சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே ஒரு வரி எழுதினார். அதில் மூன்று வார்த்தை கிருஷ்ணம்மாவுக்கு விளங்கியது. “பிட்டி ஓன நே.” கூட்டுறவுக் கடை வரிசையில் நிற்கிற எந்தத் தோட்டத்துப் பொம்பளைக்கும் அது விளங்கும். மா தேவையில்லை.

“ஆபீசர் ஐயா உங்கள் எல்லாரையும் மெச்சுறார்” என்றார் நல்லையா, கூட்டத்தைப் பார்த்து.

கிருஷ்ணம்மாவின் கை நின்றது. போன வருஷம் மாமியார் கடைசியாகக் கேட்டது ஒரு துண்டு ரொட்டி. அடுத்த கத்தரிக்காயின் நூலை அவள் கிள்ளவில்லை. கிளையோடு ஒடித்தாள். நேரே ஆபீசரிடம் போனாள். கிளையைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு அங்குலப் பச்சை நூலில் கத்தரிக்காய் ஊஞ்சலாடியது.

“மாத்தயா, மேக்க கடேன்” என்றாள். ஐயா, இது கடையிலிருந்து. அவளுடைய சிங்களம் அவ்வளவுதான். மிச்சத்தைத் தமிழிலேயே சொன்னாள். “எங்க காயி அந்தா இருக்கு. எம்பது சீவனுக்கு அது தொட்டுக்கத்தான் காணும். மாவையும் நிப்பாட்டிட்டா எதத் தொட்டுக்கிறது?”

அவள் கை காட்டிய பக்கம் ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரையில் மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. நல்லையா மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். ஆபீசர் கையை உயர்த்தி அதை மூட வைத்தார். நூலைத் தொட்டுப் பார்த்தார். அவர் நல்லவரா என்று தெரியாது. யாரையாவது விசாரிக்க வேண்டுமானால் அந்த நாற்றத்தில் இன்னும் அரை மணி நிற்க வேண்டும். அதற்கு அவர் தயாராக இல்லை. எழுதிய வரியை இரண்டு தரம் அடித்துவிட்டு, நல்லையாவைப் பார்க்காமலே ஜீப்பில் ஏறினார்.

அன்று மத்தியானமே மாதிரித் தோட்டத்தைப் பிடுங்கி எறியச் சொல்லி நல்லையாவின் உத்தரவு வந்தது. இருளாண்டி வந்து காய்த்து ஓய்ந்த செடிகளை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கிளறிவிட்டுப் போனான். அடுத்த விதைப்புக்கு அதைக் கிருஷ்ணம்மாவேதான் செய்திருக்க வேண்டும். வேலை மிச்சம். நல்லையா சந்தையில் வாங்கிய கத்தரிக்காயை அவள் தனியாகக் கீறி, தனியாகக் காய வைத்து, தனி டின்னில் போட்டாள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. மா வந்தது, சொன்னதில் பாதி. கீழ் லயத்திலிருந்து அந்த மழைக்கு ஒரு பாடையும் போகவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் கிருஷ்ணம்மாவுக்குக் கண் கலங்கும்.

கிளாக்கர் பங்களாவில் சமைக்கிற பாப்பம்மா, ஒரு தேங்காயைக் கொடுத்துக் கொஞ்சம் வத்தல் வாங்கிக்கொண்டு போனாள். புஷ்பவதி அம்மாவுக்கு வத்தல் குழம்பென்றால் உயிராம். நாலாம் நாள் மழையில் நனைந்துகொண்டு திரும்பவும் வந்தாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

“ஐயா மூனு தரம் வாங்கிச் சாப்புட்டாருடி. மூனாந்தரம் பல்லுல என்னமோ மாட்டிக்கிச்சு. இழுக்குறாரு, இழுக்குறாரு, வந்துக்கிட்டே இருக்கு, பச்ச நூலு. அம்மா அத வாங்கிப் பாத்துட்டு, ‘இது என்ர நூலெல்லோ, உங்கட வாய்க்குள்ள எப்பிடி வந்தது?’ன்னு கேட்டாங்க பாரு. மனுசன் எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆனா வத்தல் இன்னும் வேணுமாம்.”

கிருஷ்ணம்மா சிரிக்கவில்லை. அந்தத் தனி டின்னை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“குடுக்காம என்ன? பசிச்சா என்னத்தத் தின்னாது” என்று சொல்லி, இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள்.