நீலக்கல் வட்டும் சபைத் தேர்தலும்

1
இந்தக் கதை ஒரு பிளக்ஸ் போர்டில் பிறந்தது. 2014, கோட்டாறில் அச்சடித்தது. "ஆதியிலே உண்டான ஒளியைக் கண்ட எங்கள் சபையின் மகள் பிரீனா!" சிலி நாட்டுத் தொலைநோக்கியில் பிரீனாவின் குழு 'ஏதோ தெரிகிற மாதிரி இருக்கிறது' என்றது, மீதியை நாங்கள் பார்த்துக்கொண்டோம். போர்டில் அவள் படம் தபால்தலை அளவு. அவள் அப்பா சுந்தர்சிங் படம் ஆள் உயரம். அடுத்த மாதம் எங்கள் தேவாலயத்தில் சபைச் செயலர் தேர்தல், அவர் வேட்பாளர்.

2
முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'பாலைவன மலையுச்சியில், பிரபஞ்சத்தின் முதல் ஒளியை நோக்கி—'

வேண்டாம். நான் பாலைவனத்தை சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழைய ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று அறிய, தொலைநோக்கிக்குள் ஒரு நீலக்கல் வட்டைச் சுழற்றுகிறார்கள். வட்டு ஒரு சுற்று சுற்றினால் வானத்தின் அதிர்வு நான்கு முறை ஏறி இறங்கும். வட்டின் சொந்தக் கோளாறு இரண்டு முறை. அப்படித்தான் வானத்தையும் கல்லையும் பிரிப்பது. (எழுத்தாளனையும் கதையையும் பிரிக்க இப்படி ஒரு வட்டு இல்லை. விமர்சகர்கள் பிழைத்துப் போகட்டும்.)

3
பாராட்டு விழாவுக்கு முந்தின நாள் பிரீனா என் வீட்டுக்கு வந்தாள். விழா மலருக்கு எழுதுகிறவன் நான்.

"ராஜமணி மாமா, கட்டுரைய அச்சுக்கு குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சே மக்களே. ஏன்?"

"நாங்க கண்டது ஒளியில்ல. எனக்க பொறுப்புல உள்ள வட்டுல பூச்சு குளிர்ல விண்டு போச்சு. அந்தக் கோளாறும் நாலு தடவையில கலந்துட்டு. போன வாரம்தான் தெரிஞ்சு."

"அப்பாட்ட சொன்னியா?"

"சொன்னேன். எலக்சன் முடியது வரைக்கும் அது ஒளியாவே இருக்கட்டும்ங்காவ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேடையில சொன்னா அப்பா தோத்துருவாவ. சொல்லாட்டா நான் பொய்க்காரி."

4
சுந்தர்சிங் விஷயத்தில் என் எழுத்தின் மேல் எனக்கே சந்தேகம். ஆள் உயரம் என்றேனே, படம் உண்மையில் இடுப்பளவுதான்.

5
முடிவு அ: பிரீனா உண்மையைச் சொன்னாள், சபை எழுந்து கைதட்டியது. (எங்கள் சபையா?)

முடிவு ஆ: வாயே திறக்கவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

நடந்தது: மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டாள். "நாங்க கண்டது ஒளியில்ல. தப்பு என்னோடது." சுந்தர்சிங் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்தார். தேர்தலில் தோற்றார். இன்றுவரை மகளோடு பேசவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். "உண்மையச் சொல்லிரு மக்களே, கர்த்தர் பாத்துக்குவாரு" என்று அவளை அனுப்பிவைத்தது நான். சுந்தர்சிங்கை எதிர்த்து நின்று செயலர் ஆனதும் நான்தான்.

அவளுக்காகச் சொன்னேனா, எனக்காகவா? முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் மறுபடியும் எனக்குத்தான் ஓட்டு விழும்.