முந்திச் சிரித்தவர்

அம்மாவின் இரங்கல் கூட்டத்துக்குக் கிளம்பும்போதே மகள் தையற்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. அங்க சிரிச்சுத் தொலைச்சு மானத்த வாங்கிடாதீங்க."

"நானா சிரிக்கிறேன்? அதுவா வருதும்மா."

அவர் சொன்னதும் வாஸ்தவம்தான். அவர் மனைவி தொலைக்காட்சியில் சிரிப்பு நாடகம் நடித்த காலத்தில், வசனத்தையெல்லாம் வீட்டில் அவரிடம்தான் சொல்லிப் பார்ப்பாள். அவர் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்பார். அப்புறம் படப்பிடிப்பில் பார்வையாளர்களோடு போய் உட்கார்ந்தால், அவள் வாயைத் திறப்பதற்குள் வரப்போவதை நினைத்துச் சிரித்துவிடுவார். தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டியதுபோல் ஒற்றை ஆளின் சிரிப்பு. அவள் பேச வந்ததை நிறுத்தி, மெல்லத் திரும்பி, கூட்டத்தில் அவரைத் தேடிப் பிடித்து ஒரு முறைப்பு முறைப்பாள். அரங்கமே அதிரும். ஒலிப்பதிவாளர் திட்டிக்கொண்டே அந்த முந்திய சிரிப்பை மட்டும் நறுக்கி எறிவார். முறைப்பு தங்கியது. ஊர் அவளுக்கு முறைப்பம்மா என்று பேர் வைத்தது.

கூட்டத்தில் ஆளாளுக்கு அந்த முறைப்பை அலசினார்கள். வருடக்கணக்கில் கண்ணாடி முன் பயின்றது என்றாள் ஓர் இளம் நடிகை. அது சமூகத்தை நோக்கிய கேள்வி என்றார் நாடகப் பேராசிரியர். தையற்காரர் மடியிலிருந்த துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அவள் போனதிலிருந்து அவருக்குச் சிரிப்பே வரவில்லை. மகள் வீணாகப் பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தார்.

விளக்கை அணைத்துப் பழைய காட்சி ஒன்றைப் போட்டார்கள். அவள் வாடகைக்கு வீடு பார்க்க வந்திருக்கிறாள். "தண்ணி நாள் பூரா வரும்மா" என்கிறார் வீட்டுச் சொந்தக்காரர். அவள் ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்க்கிறாள்.

தையற்காரர் துண்டை எடுத்து வாயில் அடைத்தார். துண்டையும் மீறிக்கொண்டு கூழாங்கற்கள் உருண்டன. இருட்டில் தலைகள் திரும்பின. மகள் அவர் தொடையைக் கிள்ளினாள்.

திரையில் அவள் பேச வாயெடுத்து நிறுத்தினாள். மெல்லத் திரும்பினாள். சரியாக அவரைப் பார்த்து முறைத்தாள்.

அவர் பழக்கதோஷத்தில், தப்புதான் என்று தலையை ஆட்டினார். திரை வெளிச்சத்தில் அதைப் பார்த்த அரங்கம் சிரிப்பில் வெடித்தது. "குழாய்லயும் வருமா?" என்று அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இத்தனை வருஷமும் அம்மா உங்களத்தான் மொறைச்சாங்களா?"

"பின்ன? ஊராரையா மொறைப்பா?"