பூஜைக்குப் போட்ட அப்டேட்

ஆயுத பூஜை வந்தால் ஊரில் உள்ளவன் வண்டியைக் கழுவுவான், லேத்தைத் துடைப்பான். கம்ப்யூட்டரைக் கழுவ முடியாதே என்று ரகுநாத், அதிலிருந்த லினக்ஸ் சிஸ்டத்தை மொத்தமாக அப்டேட் பண்ணித் தொலைத்திருந்தார். வேலையற்ற வேலை.

ஆலங்குடியில் வீட்டு பிளானை த்ரீடி படமாக்கிக் கொடுக்கும் ஆபீஸ் அவருடையது. வரைவதெல்லாம் அன்புமொழி. காலையில் வந்து திரையைப் பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யவில்லை. இன்று சாயங்காலத்துக்குள், அவள் வேலை கேட்டிருந்த கோயம்புத்தூர் கம்பெனிக்கு ஒரு மாதிரி வீடியோ போக வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வீட்டிலிருந்தே வேலை, இந்த ஆளிடமிருந்து விடுதலை. கார்டு ஓடாமல் அந்த வீடியோ இந்த வாரத்தில் முடியாது.

“என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?”

“எல்லாத்தையும் புதுசாக்கியிருக்கேம்மா. லேட்டஸ்ட்டு!”

லேட்டஸ்ட்டாம்! அப்டேட்டோடு, எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரும் புதிதாக வந்து இறங்கியிருந்தது. கார்டை ஓட்டுகிற டிரைவர் புரோகிராமோ பழையது. சிஸ்டம் மாறினால் அதை இந்த மெஷினிலேயே மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். பழைய கம்பைலர் போனால் போகிறதென்று விட்ட பிசகுகளையெல்லாம் புதியது ‘தப்பு, தப்பு’ என்று திருப்பி அடித்தது. கம்பைலரை அவள் குறை சொல்லவில்லை. கார்டு விற்ற மகராசன்களைத்தான் திட்டினாள். டிரைவரில் முக்கால்வாசியை யாரும் பார்க்க முடியாமல் பூட்டி வைத்துக்கொள்வார்கள். வெளியே விட்ட கால்வாசியையாவது ஒழுங்காக எழுதுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. கார்டு பழசாகிவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். த்தூ, இதெல்லாம் ஒரு கம்பெனி!

பழைய கம்பைலரை நெட்டிலிருந்து இறக்கி, அதை வைத்து டிரைவரை கம்பைல் செய்தால் ஓடும். கீபோர்டை இழுத்தாள். சந்தனக் கிண்ணத்தோடு ரகுநாத் ஓடிவந்தார்.

“ஐயையோ, தொடாதம்மா! பொட்டு வச்சாச்சு. பூஜையில வச்ச சாமான நாளைக்குத்தான் எடுக்கணும்.”

“நீங்க மட்டும் அப்டேட் போடலாமாக்கும்?”

“அது பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி.”

என்ன அறிவு, என்ன அறிவு! இந்த மூளைக்குத்தான் ஒரு தனிப் பூஜை போட வேண்டும். கீபோர்டில் கிடந்த பொரியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

“நீங்க அங்கிட்டுப் போயி வாழைக்கன்னக் கட்டுங்கண்ணே.”

கம்பைல் ஓடியது. எச்சரிக்கைகள் வரிவரியாக வந்தன, ஆனால் கம்பைல் நடுவில் நிற்கவில்லை. மெஷினை அணைத்துப் போட்டதும் கார்டின் விசிறி சுழன்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அந்த ஆள் முன்னால் அழுவானேன் என்று அடக்கிக்கொண்டாள். நாலு மணிக்கெல்லாம் வீடியோ போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்தது: திங்கட்கிழமையே சேர்ந்துகொள்ளலாம்.

அவள் போனை வைப்பதற்குள் ரகுநாத் வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“சொல்லச் சொல்லக் கேக்கல. பூஜைச் சாமானைத் தொட்டவ இந்த ஆபீஸுக்கு வேணாம். நாளையிலேருந்து வராத.”

அன்புமொழி பையைத் தோளில் மாட்டினாள்.

“வரக்கூடாதுன்னுதாண்ணே காலையிலேருந்து இந்த மல்லுக்கட்டு.”